கணினியின் வாயைக் கட்டிய தபாலதிபர்

இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. சந்நிதி முருகன் வாசலில் ஈரவேட்டியோடு நின்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்லவேண்டிவரும். நம்பாதவர்கள் கரவெட்டிக்கு வந்து யாரையும் விசாரிக்கலாம். அவர்கள் இதைவிடக் கூடச் சொல்வார்கள். அந்தக் கூடுதலை நம்பவேண்டாம். ஊர் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தும்.

கரவெட்டியில் இராசநாயகம் என்று ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். பிறத்தியாரின் கடிதத்தில் ஓரெழுத்தும் படித்தறியாத மனிதர். அஞ்சலட்டையைக்கூட, எழுதிய பக்கம் கண்ணில் பட்டுவிடுமே என்று, முகட்டைப் பார்த்துக்கொண்டுதான் எடுத்துக் கொடுப்பார். அதனால் சில அட்டைகள் வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. ஆனால் அவராக ஒன்றையும் படிக்கவில்லை.

அவருக்கு ஒரு குரல் இருந்தது. பழைய நாட்களில் தபாற்கந்தோரிலிருந்து கொழும்புக்கு ட்ரங்க் கோல் எடுத்தால் கம்பியில் கடல் இரைகிற சத்தம்தான் வரும். அதற்கு மேலாலே கத்திக் கத்தி அவருடைய தொண்டை அப்படியே அமைந்துவிட்டது. அவர் பேசினால் பாதி கம்பி வழியாகவும் மீதி கம்பி இல்லாமலும் கொழும்புக்குப் போய்ச் சேரும். சண்டைக் காலத்தில் கம்பி அறுந்து கிடந்தபோது அந்த மீதியை வைத்துத்தான் ஊர் சமாளித்தது. ரொறன்ரோ கொழும்பைவிடத் தூரம் என்பதால், அங்கே இருக்கிற மகன் கோபிசங்கரோடு பேசும்போது அதற்கேற்ற மாதிரிப் பேசுவார். இது ஒரு விஷயம் என்று அவர் நினைத்ததே இல்லை. மூச்சு விடுவதை யார் யோசித்துப் பார்க்கிறார்கள்?

அவருடைய கவலை மகள் தர்சினி. முப்பத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. பின்னேரம் பஸ்ஸில் வந்து நெல்லியடியில் இறங்கி, ஒழுங்கையால் நடந்து வீட்டுக்கு வருவாள். எங்கள் பகுதியில் கலியாணப் பேச்சு என்பது எழுத்து, அதாவது பதிவு, முடியும்வரை மூச்சுக் காட்டக்கூடாத காரியம். தெரிந்தால் யாராவது ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைப் பெட்டிசம் எழுதுவார். பெட்டிசம் எழுதச் சோம்பல்பட்டவர் தொலைபேசியில் சொல்லுவார். பகையிருக்கவேண்டும் என்றில்லை. ஒரு கலியாணம் குழம்பினால் பேச நாலு விஷயம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆகையால் இராசநாயகம் மாப்பிள்ளை விஷயங்களை மகனோடு மட்டும், கணினியில் மட்டும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் பேசினார். யன்னல் திறந்திருக்கும். கதவையும் சாத்தி யன்னலையும் சாத்தினால் வெக்கையில் மனிதன் இருப்பதா, இல்லையா?

முதல் பேச்சு சாவகச்சேரிப் பகுதி. சாதகம் நல்லாய்ப் பொருந்தியிருந்தது. ஒரு கிழமை கழித்து, பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இராசநாயகம் அந்தக் கிழமை முழுக்கக் கடைப்பக்கம் போகவில்லை.

இரண்டாவது கோப்பாய்ப் பகுதி. அந்த மாப்பிள்ளையின் தாய் நேரடியாகவே தொலைபேசி எடுத்தார்.

"தபாலதிபர் ஐயாவோ? எங்கடை பெடியனுக்குக் காலும் இருக்கு, கையும் இருக்கு. மேலதிகமா இஞ்சினியர் படிப்பும் இருக்கு. உங்களுக்கு அது மிச்சம்தானே?"

"விளங்கேல்லை, அம்மா."

"அவளுக்கு வயசு போட்டுது, இனி ஆர் வரப்போறான், காலும் கையும் உள்ளவன் எவனெண்டாலும் காணும், தள்ளிவிட்டிட்டு நிம்மதியாக் கண்ணை மூடுவம். உது உங்கடை வாயாலை வந்த கதை இல்லையோ? அப்பிடி எவனெண்டாலும் எங்கடை பெடியன் இல்லை, ஐயா. வைக்கிறன்."

இராசநாயகத்தின் காது இரண்டும் சுட்டது. ஒரு சொல் பிசகாமல் அவர் சொன்ன கதைதான். களைப்பில், சலிப்பில், மகனிடம் மட்டும் சொன்ன கதை. அதைச் சொன்னபோது அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: அவர், கடவுள், கணினி. அவர் யாருக்கும் சொல்லவில்லை. கடவுள் அப்படிச் செய்கிறவர் அல்ல.

அன்றைக்கே கணினியைத் திறந்தபோது கூறைச்சேலை விளம்பரம் ஒன்று ஓரத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே மணவறைச் சோடனை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"இஞ்சேரும்," என்று மனைவி நல்லம்மாவைக் கூப்பிட்டார். "உது கேட்டுக்கொண்டிருக்குது."

"எது?"

"உந்தப் பெட்டி. நாங்கள் கதைக்கிறதையெல்லாம் வெளியிலை அனுப்புது."

நல்லம்மா கணினியை ஏற இறங்கப் பார்த்தாள். "அது என்ன எங்கடை சொந்தக்காரரோ, கோள் சொல்லித் திரிய?"

"உமக்கு உது விளங்காது."

"உங்களுக்கு விளங்கிக் கிழிச்சது காணும். மா அரைக்கோணும், வழி விடுங்கோ."

அன்றிலிருந்து இராசநாயகம் கணினியைத் திருத்தத் தொடங்கினார். கணினியை வேகமாக்குவது எப்படி, அதன் வாயைக் கட்டுவது எப்படி என்று காட்டுகிற காணொளிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை ஒன்று விடாமல் பார்த்தார். மின்விசையைப் போட்டதும் தானாக எழும்புகிற செயலிகள் பட்டியலாக நின்றன. அழையாத விருந்தாளிகள் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் எழுப்பி அனுப்பினார். பின்னால் மறைந்திருந்து ஓடுகிறவற்றைத் தேடிப்பிடித்து நிறுத்தினார். காலநிலை சொல்கிறது எதற்கு? முற்றத்தில் இறங்கினால் தெரியாதா? நீக்கினார். எங்கே இருக்கிறாய் என்று கேட்கிற செட்டிங்கை மூடினார். என்ன தேடினாய் என்று நினைவு வைத்திருக்கிறதை அழித்தார். குறைகளைக் கொம்பனிக்கு அறிவிக்கட்டுமா என்று கேட்டதற்கு, எங்கள் குறையை நாங்களே வைத்திருப்போம் என்று வாய்விட்டுச் சொல்லி மறுத்தார். கமராவின் கண்ணில் நல்லம்மாவின் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினார்.

முன்பெல்லாம் அந்தக் கணினியின் பொத்தானை அமத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் குளித்து, விபூதி பூசி, சோறும் தின்றுவிட்டு வந்தால்தான் திரை வெளிக்கும். திருத்திய பிறகு, அவர் கதிரையை இழுக்கிற சத்தத்துக்கே எழும்பியது. அடுத்த கிழமை, அவர் எழும்பிப் போவோமா என்று நினைக்கும்போதே எழும்பியது. வேகம் கட்டுக்கடங்காமல் போய், ஒரு வெள்ளிக்கிழமை காலை அது சனிக்கிழமை என்று காட்டியது. வீட்டு நாட்காட்டியை எலி தின்றிருந்ததால் நல்லம்மா கணினியை நம்பி விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டாள். கோயில் மணி கேட்டபோதுதான் வெள்ளி என்று தெரிந்தது. சட்டியோடு அப்படியே வாழைக்குக் கீழே தாட்டார்கள். அந்த வெட்கத்தில் நல்லம்மா மூன்று வெள்ளி பச்சைத்தண்ணியோடு விரதம் இருந்தாள். வாழை அந்த வருஷம் பேய்க்குலை தள்ளியது, அது வேறு.

அந்தரங்கமும் கூடிக்கொண்டே போனது. இடத்தைச் சொல்லாதே என்று கட்டளையிட்ட பிறகு, வரைபடத்தில் அவருடைய வளவு இருந்த இடத்தில் வெங்காயத் தோட்டம் காட்டியது. மின்கட்டணம் எழுத வருகிறவர் ஒழுங்கையால் போய் வந்து, போய் வந்து, படலையைக் காணாமல் திரும்பிவிட்டார். கடைசியில் கணினி இராசநாயகத்தையே யாரென்று தெரியாது என்றது. காலையில் அதற்கு முன்னால் உட்கார்ந்தால், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற கிழவர் கேட்கிற மாதிரி, எந்த ஊர், யாருடைய மகன், எந்தக் கோயிலடி என்று எல்லாம் கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் உள்ளே விட்டது. ஒருநாள் தகப்பனாரின் பெயரைச் சொல்ல ஒரு கணம் தயங்கியதற்கு, அந்த நாள் முழுக்கத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர் இன்னொன்றும் செய்தார். மைக்குக்குக் குரலைப் பெருப்பித்துக் கொடுக்கிற ஒரு செட்டிங் இருந்தது. இதுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணமான காது என்று முடிவுகட்டி, அதை அடியோடு நிறுத்தினார்.

மூன்றாவது பேச்சு வந்தது அப்போதுதான். மாப்பிள்ளை பெயர் பார்த்தீபன். ரொறன்ரோவில் ரயில் ஓட்டுகிறவர். தாய் திருநெல்வேலியில் இருக்கிறார். தர்சினியின் படத்தைப் பார்த்ததும் தாய்க்குப் பிடித்துவிட்டதாம். இது போனால் மகன் இனி இடம் பார்க்கமாட்டான் என்பது இராசநாயகத்துக்குத் தெரியும், அவனும் சலித்துப்போயிருந்தான்.

"அப்பா, கேக்கேல்லை," என்றான் கோபிசங்கர் திரையில். "கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ. கிணத்துக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. உங்கடை முகமும் தெரியேல்லை, ஒரே சிவப்பாய்க் கிடக்கு."

"அது பாதுகாப்பு!" என்றார் இராசநாயகம்.

"என்ன?"

"பாதுகாப்பு!"

"கேக்கேல்லையப்பா!"

அப்போது அவர் தன் குரலின் இரண்டாவது கட்டுக்குப் போனார். சாதகத்தில் ஏழு பொருத்தம் என்றார். தாய்க்காரி நல்ல மனுசி என்றார். வளவில் தென்னையிலிருந்து செவ்விளநீர் குலையோடு விழுந்தது. காற்று என்று நினைத்தார். பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குடிபெயர்ந்து இமையாணன் பக்கம் போனது. நாய்க்கு எங்கே நன்றி என்று நினைத்தார். சந்தியில் நின்ற பஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றது. வல்வெட்டித்துறைக் கடலில் வலை விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட மோட்டரை நிறுத்தினார்கள் என்று பிறகு தெரியவந்தது. இராசநாயகத்துக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கதவு சாத்தியிருந்தது.

இரண்டாம் நாள் காலை, சைக்கிளில் மீன் கொண்டுவரும் லூர்த்தம்மா படலையடியில் மணி அடித்தாள்.

"ஐயா, சந்தோஷம். மாப்பிளை ரயில் ஓடுறவராமே. நல்ல தொழில். கடல் தொழில் மாதிரி இல்லை, பாதை இருக்கு."

இராசநாயகத்துக்குக் கையிலிருந்த சுளகு நழுவியது. "உமக்கு ஆர் சொன்னது?"

"ஏழு பொருத்தமாம். கடல்லைதான் கேள்விப்பட்டவை. எங்கடை மனிசனும் போட்டிலை நிண்டவர்."

கடலில்! இராசநாயகம் அப்படியே படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இணையத்தின் கம்பி கடலுக்கு அடியால் போகிறது என்று காணொளியில் சொல்லியிருந்தார்கள். வல்வெட்டித்துறைக்காரர் சுழியோடத் தெரிந்தவர்கள். இனி விளக்கமா வேண்டும்? கடலை அவரால் திருத்த முடியாது. ஆனால் வீட்டுக்குள்ளே இன்னும் திருத்தாத பொருள் ஒன்று இருந்தது.

அன்று பின்னேரம் தர்சினி வேலையால் வந்து செருப்பைக் கழற்ற முதலே கையை நீட்டினார்.

"உன்ரை போனைத் தா, பிள்ளை."

"ஏனப்பா?"

"ஆர் ஆரோடை என்ன கதைக்கிறாய் எண்டு பாக்கோணும். வீட்டுக் கதை வெளியிலை போகுது."

நல்லம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன கண்டறியாத வேலை பாக்கிறியள்? முப்பத்துமூண்டு வயசுப் பிள்ளையின்ரை போனை?"

தர்சினி போனை எடுத்தாள். அதைத் திறந்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். பிறகு அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு உண்மையிலையே தெரியாதோ?"

"என்ன தெரியாது?"

"ஒண்டுமில்லை," என்றுவிட்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளின் போனை வாசித்தார். நூலகத்தில் எந்தப் புத்தகம் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல், நாளைக்கு யார் சாப்பாடு கொண்டுவருகிறார்கள் என்று சினேகிதிகள் எழுதியிருந்தார்கள். கலியாணப் பேச்சுக்கால் பற்றி ஓரெழுத்தும் இல்லை. வாசித்து முடிந்ததும், வாழ்க்கையில் முதன்முதலாகப் பிறத்தியாரின் கடிதம் படித்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனாலும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் பேசுகிறவரைக்கும் தன்னிடமே இருக்கட்டும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தாய் பேசுவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு. அவர் திருநெல்வேலியிலிருந்தும், மாப்பிள்ளையும் கோபிசங்கரும் ரொறன்ரோவிலிருந்தும் ஒன்றாகக் கணினிக்கு வருவார்கள். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் இராசநாயகத்துக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் தட்டியது. பக்கத்து வளவுக் குகதாசன். வெங்காயம் செய்கிறவன், கெட்டிக்காரன். இவரின் வைஃபையில் அவன் கொழுவியிருந்தால்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அவனுடைய வளவுக்குள் போனார்.

இரண்டு வளவுக்கும் நடுவில் பனையோலை வேலி. அந்த வேலிக்கு அந்தப் பக்கம், இராசநாயகத்தின் கணினி அறை யன்னலுக்கு நேரே, பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒழுங்கையிலுள்ள அரைவாசிப் பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ரீச்சர் பியாட்றிஸ் தன் வீட்டிலிருந்தே சாய்மனைக் கதிரை கொண்டுவந்திருந்தார். குகதாசனின் மனைவி ஜெயனி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். ஒரு தட்டத்தில் பகோடா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பகோடா கடித்த சத்தம் நின்றது.

குகதாசன்தான் முதலில் வாய் திறந்தான். "அண்ணை, நீங்கள் இஞ்சை நிண்டால் அங்கை ஆர் கதைக்கிறது?"

"என்னடா உது?" என்றார் இராசநாயகம். குரல் வழக்கம் போலத்தான் வந்தது. தட்டில் கோப்பைகள் அதிர்ந்தன.

"ஏழு மணிக்கு எண்டுதானே அண்டைக்குச் சொன்னீங்கள், அண்ணை? மாப்பிளையின்ரை தாயும் வாறா எண்டு. எங்களுக்கும் ஒரு ஆசை இருக்காதோ?"

"தபாலதிபர்," என்றார் பியாட்றிஸ் ரீச்சர், மிகவும் மரியாதையாக, "நாங்கள் நினைச்சம், நீங்கள் வேணுமெண்டுதான் ஊருக்கும் சேர்த்துச் சொல்லுறீங்கள் எண்டு. ஒளிச்சு மறைச்சுக் கலியாணம் பேசுற ஊரிலை ஒரு மனிசனாவது வெளிப்படையாப் பேசுதே எண்டு நான் எங்கடை சபையிலையும் சொன்னனான்."

இராசநாயகம் வேலியைப் பார்த்தார். வேலிக்கு மேலாலே தன் யன்னலைப் பார்த்தார். யன்னல் திறந்திருந்தது. உள்ளே கணினி, பொட்டு ஒட்டிய கண்ணோடு, சாதுவாக இருந்தது.

"எல்லாம் கேட்டதோ?" என்றார்.

"முதல்லை கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் கேட்டது," என்றான் குகதாசன். "நீங்கள் கொம்பியூட்டரைத் திருத்தின பிறகுதான் அண்ணை நல்ல கிளியர்."

"காலும் கையும்..." என்று இழுத்தார் இராசநாயகம்.

ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயனி கோப்பைகளை ஒழுங்குபடுத்தினாள். குகதாசன் தலையைச் சொறிந்தான்.

"அது எல்லாருக்கும் கேட்டது, அண்ணை. ஒழுங்கைக்குள்ளை ஒருத்தரும் வெளியிலை கதைக்கேல்லை, சத்தியமா. கோப்பாய் மாப்பிளையின்ரை பெரியப்பா அண்டைக்கு வெங்காயம் விலை பேச வந்தவர். அந்தக் கதிரையிலைதான் இருந்தவர். தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டே முழுக்கக் கேட்டவர். வெங்காயமும் வாங்கேல்லை."

"தர்சினி?"

ஜெயனிதான் சொன்னாள். "அந்த நேரம் பிள்ளை பஸ்ஸாலை இறங்கி வந்துகொண்டிருந்தவள். இந்த வேலியடியிலைதான் நிண்டவள். நாங்கள் கதிரையை எடுத்துக்கொண்டு உள்ளை போட்டம். அவள் கொஞ்ச நேரம் நிண்டிட்டுத்தான் போனவள்."

இராசநாயகத்துக்கு வந்த வெட்கம் சாதாரண வெட்கமல்ல. ஒழுங்கையால் திரும்பி நடக்கும்போது அவர் உயரத்தில் ஒரு சாண் குறைந்துபோனார். மடித்துக் கட்டிய வேட்டி அவிழாமலே மண்ணில் இழுபட்டது. படலையின் கொழுக்கி எட்டாமல் கையை உயர்த்தித்தான் திறந்தார். நல்லம்மா கண்டுவிட்டு, "ஏன் குறைஞ்சுபோய் வாறியள்?" என்று கேட்டாள். அந்தச் சாண் இன்றுவரை முழுதாக வளரவில்லை. அவருடைய வேட்டிகளுக்கெல்லாம் நல்லம்மா மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

தர்சினி கணினி அறைக்குள் இருந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். அருகில் போய்க் குனிந்து, இரகசியக் குரலில் பேசப் பார்த்தார். அந்தத் தொண்டைக்கு அப்படியொரு பழக்கமே இல்லை. வண்டில் அச்சு உராய்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"பிள்ளை... ஊருக்கெல்லாம் கேட்டிருக்கு."

"ஓம்."

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? நான் விசரன் மாதிரி இந்தப் பெட்டியைப் போட்டு..."

தர்சினி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முதல்லை சொல்லத்தான் இருந்தனான். பிறகு அண்டைக்கு வேலியடியிலை நிண்டு அந்தக் கதையைக் கேட்டன். அதுக்குப் பிறகு சொல்ல மனம் வரேல்லை. அப்பா, ஊருக்குக் கேட்டது இல்லை எனக்கு வெக்கம். நீங்கள் அதைச் சொன்னதுதான். கதவு யன்னல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டுச் சொல்லியிருந்தாலும் அது அதுதானே?"

இராசநாயகம் தனக்குத் தெரிந்த எல்லாச் செட்டிங்கையும் மனத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். இதை நிறுத்துகிற செட்டிங் ஒன்றும் இல்லை. சொன்னதை அழிக்கிற இடமும் இல்லை.

"பிழை," என்றார். "நான் சொன்னது பெரிய பிழை, பிள்ளை."

அது மெதுவாகத்தான் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ, "என்ன சொன்னவர்?" என்று கேட்டதும், யாரோ "உஷ்" என்றதும் கேட்டது.

கணினி அழைத்தது. தர்சினி எழும்பி யன்னலைச் சாத்தினாள். "நீங்கள் வெளியிலை நில்லுங்கோ, அப்பா. நானே கதைக்கிறன்."

"நான் இல்லாமல் என்னண்டு? பெரியாக்கள் கதைக்கிற..."

"வெளியிலை."

அவர் வெளியே வந்தார். கதவு சாத்தப்பட முதல், மகள் நகத்தால் கமராவின் பொட்டைச் சுரண்டி எடுக்கிறதைக் கண்டார்.

முற்றத்தில் நின்றார். யன்னல் பக்கம் காதைக் கொண்டுபோகவேண்டும் போலிருந்தது. கால் ஓரடி எடுத்தது. பிறகு சட்டைப்பையில் அந்தப் போன் இருந்த இடம் சுட்டது, நின்றுவிட்டார். அறைக்குள்ளே தர்சினி பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒருமுறை சிரித்தாள். யாரோ ஓர் ஆண்குரல் நீளமாக ஏதோ சொன்னது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

வேலிக்கு மேலாலே குகதாசனின் தலை எழும்பியது. "அண்ணை, ஒண்டும் கேக்கேல்லை!"

இராசநாயகம் பதில் சொல்ல வாயைத் திறந்து, திரும்ப மூடி, கையால் மட்டும் 'போ' என்று காட்டினார். குகதாசன் அதை நம்பமுடியாமல் பார்த்துவிட்டுத் தலையை இறக்கினான். கதிரைகள் ஒவ்வொன்றாக எடுபடுகிற சத்தம் கேட்டது. பியாட்றிஸ் ரீச்சர் தன்னுடைய சாய்மனையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போகும்போது படலையடியில் ஒரு கணம் நின்று, ஒன்றும் சொல்லாமல் போனார். அது இராசநாயகத்துக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு தர்சினி வந்தாள். நல்லம்மாவும் குசினியிலிருந்து மாக்கையோடு ஓடிவந்தாள்.

"என்னவாம்?" என்றாள் தாய்.

"காலும் கையும் கதை அவையளுக்கும் ஏற்கனவே வந்திட்டுது. தாய்க்காரி கேட்டவா. ஓம், அப்பா சொன்னவர்தான் எண்டு சொன்னன்."

இராசநாயகம் நிலத்தைப் பார்த்தார்.

"அவர் என்ன சொன்னவர்?" என்று நல்லம்மா விடவில்லை.

"நானும் அவரும் இன்னும் கொஞ்ச நாள் கதைச்சுப் பாக்கப்போறம். ரெண்டு பேருக்கும் சரிவந்தால் நான் வந்து சொல்லுவன். சரிவராட்டிலும் நான் வந்து சொல்லுவன். அதுவரைக்கும் இந்த வீட்டிலை ஒருத்தரும் என்னைக் கேக்கப்படாது. அப்பா, உங்களுக்குத்தான்."

"ஓம்," என்றார் இராசநாயகம்.

ஒழுங்கைக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நல்லம்மாவே, "என்ன?" என்று திரும்பக் கேட்டாள்.

அடுத்தநாள் அவர் உட்கார்ந்து, நிறுத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். கணினி பழைய மந்தத்துக்குத் திரும்பியது. வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமை என்றே காட்டியது. அதற்குப் பிறகு அவர் மகனோடு வாயால் பேசுவதில்லை. ஒற்றை விரலால் தட்டி எழுதித்தான் பேசுவார். பின்னேரங்களில் தர்சினி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், இராசநாயகம் எழும்பி, வளவின் மறு மூலைக்குப் போய், வேலியைப் பார்த்தபடி நிற்பார். ஆவணி முடியுமுன் ஒருநாள் மகள் அந்த மூலைக்குத் தேடி வந்து, சரிவந்துவிட்டது என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எழுத்து முடிந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும்.

இன்னும் நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்: இத்தனையும் செய்த அந்தக் கணினி, கோபிசங்கர் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்தே, சுற்றி ஒட்டிய ஒட்டுநாடா கூடப் பிரிக்கப்படாமல், வந்த பெட்டியோடேயே இராசநாயகம் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது.